கோபியிலிருந்து வந்த ஊசிகள்

ஏப்ரல் 3, புதன்

இன்று மருந்துக் கம்பெனியிலிருந்து ஒருத்தி ஃபோன் செய்தாள். ஒரு சுற்று சிகிச்சைக்கான ஊசி மருந்து நாலாயிரத்து எண்ணூற்று எழுபது டாலராம். சொல்லிவிட்டு, மூச்சு விடாமல், "கார்டு நம்பர் சொல்கிறீர்களா?" என்றாள். பீட்சாவுக்கு ஆர்டர் எடுக்கிற குரல் அது.

இன்ஷூரன்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்டேன். உங்கள் கணவருடைய திட்டத்தில் இந்த வருடத்திலிருந்து குழந்தைப்பேறு சிகிச்சை சேராது மேடம் என்றாள். ஏன் சேராது? அது அத்தியாவசியம் இல்லையாம். நான் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்து, நாள் முழுக்க அடுத்தவர் பல்லுக்காக இன்ஷூரன்ஸ்காரர்களோடு மல்லுக்கட்டுகிறவள். என்னிடமேவா? முக்கால் மணி நேரம் விடவில்லை. கடைசியில் அவள்தான் "இந்த நாள் இனியதாகட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். இதே திட்டத்தில் குறட்டைக்கு மெஷின் கொடுக்கிறார்கள். குமரேசனின் ஆபீசில் இரண்டு பேர் வாங்கியிருக்கிறார்கள். குறட்டை அத்தியாவசியம், குழந்தை சொகுசு. நல்லா இருக்கிறது நியாயம்!

இது மூன்றாவது முறை. கடைசி முறை என்று இரண்டு பேரும் பேசி முடித்தாயிற்று. ஜூலை வந்தால் எனக்கு நாற்பது. அதற்குப் பிறகு என் கருமுட்டையை வைத்து முயற்சி செய்யச் சொல்ல மாட்டேன் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். முட்டைகளை ஊசி போட்டு வளர்த்து, வெளியே எடுத்து, சோதனைக்கூடத்தில் கருவாக்கி, உள்ளே வைக்க வேண்டும். ஒரே ஒரு வாய்ப்பு. அதற்குத்தான் இந்த விலை.

குமரேசனிடம் சொன்னேன். "பாத்துக்கலாம் விடு" என்றார். எதைப் பார்த்துக்கொள்வது? யார் பார்த்துக்கொள்வது?

ஏப்ரல் 4, வியாழன்

இன்றும் வயிறு எரிகிறது. கத்தரிக்காய்ப் பொரியலில் உப்பு தூக்கல் என்றார். இருக்கட்டும்.

ஏப்ரல் 6, சனி

ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்தே எனக்கு எந்தக் கோபம் என்று தெரிந்துகொண்டாள் போல. "மருந்து விலையா?" என்றாள். அவள் தன்னுடையதை இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைக்கிறாளாம், பாதி விலைதானாம். தபாலில் ஏதோ ஒரு பெட்டி வருகிறதை நம்பி அவள் வயிற்றில் குத்திக்கொள்கிறாள். எனக்குக் கோயமுத்தூர் என்று ஓர் ஊர் இருக்கிறது, நான் ஏன் யோசிக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் குமரேசனோடு படித்த ஜெயபால் அண்ணனுக்கு மருந்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்பினேன். கோவையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் எதிரே மருந்துக்கடை வைத்திருக்கிறார். அங்கே அப்போது இரவு என்பதால் பதில் வராது என்று நினைத்தேன். உடனே வந்தது: "அதே மருந்துதாம்மா. அதே கம்பெனி. பேரு மட்டும் இங்க வேற. மொத்தம் எழுபத்தோராயிரம் ரூபாய் ஆகும்."

எழுபத்தோராயிரம் ரூபாய் என்றால் எண்ணூற்று ஐம்பது டாலர்.

அதே கம்பெனி! அதே தூள், அதே தண்ணீர், அதே ஊசி. ஆறில் ஒரு பங்கு விலை. அப்படியென்றால் இங்கே இருக்கிறவள் வயிறு மட்டும் தங்கத்தில் செய்ததா? மீதி நாலாயிரம் எதற்கு என்று யாரிடம் போய்க் கேட்பது? சமையலறையில் நின்றுகொண்டு தனியாகக் கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

கிளினிக்கில் கேட்டதற்கு, வெளியிலிருந்து கொண்டுவந்தால் உங்கள் பொறுப்பு என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். எல்லாமே என் பொறுப்பாகத்தானே இருந்து வருகிறது.

ஏப்ரல் 8, திங்கள்

எங்கள் தமிழ்ச் சங்க வாட்ஸ்ஆப் குழுவில் வாரம் தவறாமல் ஒருவர் கேட்பார்: "ஊர்ல இருந்து யாராச்சும் வர்றீங்களா? அரைக் கிலோதான்." அந்த அரைக் கிலோ எப்போதும் மூன்று கிலோவாக இருக்கும். முருங்கைக்கீரைப் பொடி, தைத்த ஜாக்கெட், மூக்குக்கண்ணாடி, தாலிக் கயிறு எல்லாம் இப்படித்தான் அடுத்தவர் பெட்டியில் ஏறி டெக்சாஸ் வந்து சேர்கின்றன. யாரும் மறுப்பதில்லை, நாளைக்கு அவர்களுக்கும் தேவைப்படும். ஒரே விதி, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும்.

ஊருக்குப் போயிருக்கும் சங்கத்து சுபத்ரா அக்கா இருபதாம் தேதி கோவையிலிருந்து திரும்பி வருகிறார். நல்ல மனசு, ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. நான் ஃபோனை எடுத்ததுமே குமரேசன் பதறினார்.

"எதுக்குன்னு சொல்லிறாத பூங்கொடி. ஊசின்னு மட்டும் சொல்லு. சங்கத்துல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

என்னைப் பற்றி ஒன்பது வருடமாக நாலு விதமாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு எதைக் கண்டு பயம் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை.

சர்க்கரை ஊசி என்று சொன்னேன். "அய்யோ, உனக்கா பூங்கொடி? இந்த வயசுலயா?" என்றார் சுபத்ரா அக்கா. ஆமாம் அக்கா, எனக்குத்தான் என்றேன். எது வந்தாலும் எனக்குத்தானே.

ஏப்ரல் 9, செவ்வாய்

மருந்தை ஜெயபால் அண்ணனே நேராக சுபத்ரா அக்காவிடம் கொடுத்திருக்கலாம். அத்தை விடவில்லை. குமரேசனின் அம்மா. கோபிச்செட்டிபாளையத்தில் தனியாக இருக்கிறார். அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி வேறு. "என்ற பேரனுக்கு வர்ற மருந்து, நா வாங்கி என்ற கையால குடுத்துடறேன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

வீடியோவில் பாடம் நடத்தினேன். ஃபிரிஜ்ஜில் வைக்க வேண்டும், நடுத்தட்டில், ஐஸ் உறைகிற இடத்தில் கூடாது. அத்தை காலண்டர் தாளைக் கிழித்து எழுதிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏங்கண்ணு, டாக்டரு உனக்கு என்னதான் கொறன்னு சொல்றாங்க?" என்றார்.

"ஏதோ ஹார்மோன் அத்தை."

"நீ ஒண்ணும் வெசனப்படாத சாமி. நா இருக்கறனல்லோ."

சோபாவில் குமரேசன் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. பத்து விரலும் முடிந்து மறுபடி முதல் விரலுக்கு வந்துவிட்டார்.

ஏப்ரல் 15, திங்கள்

அத்தை பஸ் ஏறிக் கோவை போய் மருந்து வாங்கிவிட்டார். மடியில் தெர்மோகோல் பெட்டியோடு பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு படம், வீட்டில் ஃபிரிஜ் நடுத்தட்டில் பெட்டியை வைத்து ஒரு படம். பக்கத்தில் மாவுப் பாத்திரம், கறிவேப்பிலை. பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்தது. வியாழக்கிழமை சுபத்ரா அக்கா வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிடுவார்.

ஏப்ரல் 17, புதன்

நேற்று முழுக்க அத்தை ஃபோன் எடுக்கவில்லை. பயந்துபோனேன். இன்று காலை பிடித்தேன். "ஒரு சோலியாப் போயிருந்தங்கண்ணு" என்றார். குரலில் களைப்பு இருந்தது, ஆனால் ஏதோ ஜெயித்து வந்தவர் மாதிரி சந்தோஷமும் இருந்தது. ஊசி பத்திரமா என்றேன். நடுத்தட்டில் இருக்கிறது என்று ஃபிரிஜ்ஜைத் திறந்து காட்டினார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

வந்து சேர்ந்துவிட்டது! சுபத்ரா அக்கா பயணக் களைப்பிலும் ஐஸ் பையை மாற்றி மாற்றி வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். பெட்டி இன்னும் சில்லென்று இருந்தது. "சக்கரைக்கு வெந்தயம் ஊறப்போட்டுக் குடி, எங்க மாமியாருக்கு முன்னூறுல இருந்தது நூத்தி நாப்பதுக்கு வந்துருச்சு" என்று இருபது நிமிடம் பிரசங்கம். தலையாட்டினேன்.

ஒவ்வொரு அட்டைப்பெட்டியையும் எண்ணி அடுக்கினேன். ஒன்றிரண்டின் அட்டை நமுத்துப்போயிருந்தது, எல்லாவற்றின் ஓரத்திலும் குங்குமம் ஒட்டியிருந்தது. அத்தை கை பட்டால் எதிலும் குங்குமம் இருக்கும், அனுப்புகிற இட்லிப்பொடி டப்பாவிலேயே இருக்கும். துடைத்து வைத்தேன்.

நாலாயிரம் டாலரை அந்த மருந்துக் கம்பெனிக்காரி வாயிலிருந்து பிடுங்கின மாதிரி ஒரு திருப்தி. இன்று கேசரி கிண்டினேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

வந்துவிட்டது. மாதாமாதம் இது வந்ததற்காகக் குளியலறையில் உட்கார்ந்து அழுதவள் நான். இந்த மாதம், இது வந்தால்தான் ஊசியைத் தொடங்கலாம் என்பதால், வாசல் பார்த்துக் காத்திருந்து வரவேற்றேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

முதல் ஊசி. தூளில் தண்ணீரைக் கலந்து, குமிழி போகத் தட்டி, தொப்புளுக்கு இரண்டு அங்குலம் தள்ளிக் குத்திக்கொண்டேன். இரண்டு முறை செய்து பழகிய கை. ஆனாலும் முதல் குத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிடுகிறது.

குமரேசனுக்கு ஊசி என்றாலே தலை சுற்றும். கதவை ஒருக்களித்துவிட்டு அந்தப் பக்கம் நின்று, "முடிஞ்சுதா?" என்று மூன்று முறை கேட்டார். பிறகு டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார், சுபத்ரா அக்காவிடம் நான் சொன்ன பொய்யை அவரும் நம்பிவிட்டார் போல.

மே 2, வியாழன்

ஸ்கேன். இந்நேரம் இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்தாறு முட்டைப் பைகளாவது வளர்ந்து தெரிய வேண்டும். திரையில் ஒன்றுமே இல்லை. நர்ஸ் இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். நான்கு வருடமாக வருகிறேன், என் பெயரை இன்னும் "பூங்" என்றுதான் கூப்பிடுகிறாள். "இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம், பூங்" என்றாள். அளவைக் கூட்டியிருக்கிறார்கள். இனி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

போன முறை இதே ஐந்தாம் நாளில் ஆறு இருந்தது. இது என்ன கொடுமை?

மே 4, சனி

சங்கத்து மண்டபத்தில் ஒரு பெண்ணுக்கு வளைகாப்பு. போகாவிட்டால் பொறாமை என்பார்கள், போனால் கண்ணு வைப்பாள் என்பார்கள். போனேன்.

பந்தியில் என் இலைக்கு மட்டும் மைசூர்பாகு வரவில்லை. பரிமாறுகிறவள் என்னைத் தாண்டிப் போனாள். கூப்பிட்டேன். "அய்யய்யோ, உங்களுக்குச் சக்கரையாமே! சுபத்ரா அக்கா சொன்னாங்க. வேணாம்ங்க, ரிஸ்க்" என்றாள். எதிர் வரிசையில் ஒரு மாமி, "அதான் கொழந்தையும் தங்கலியோ என்னவோ" என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொன்னாள். எனக்குக் கேட்கக் கூடாது என்றுதான் சொன்னாள், ஆனால் எட்டு இலைக்குக் கேட்டது.

எழுந்துபோய் நானே தட்டிலிருந்து இரண்டு மைசூர்பாகு எடுத்துவந்து, அந்த மாமி முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றேன். நெய் ஒழுகியது. இரண்டாவது இறங்கவில்லை, ஆனாலும் விடவில்லை. குமரேசன் ஆண்கள் வரிசையில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் இலையில் மூன்று இருந்தது. பிள்ளை ஏன் இல்லை என்று அவரை அங்கே யாரும் கேட்பதில்லை.

மே 6, திங்கள்

நிறுத்திவிட்டார்கள்.

ஒரே ஒரு பை, அதுவும் சின்னது. இதை வைத்து முட்டை எடுக்க முடியாது, இந்த மாதத்தைக் கைவிடுவோம் என்றார் டாக்டர். பதினோரு ஊசி. வயிறு முழுக்கப் பச்சையும் நீலமுமாகக் கன்றிக் கிடக்கிறது. எல்லாம் வீண்.

ஏன் இப்படி என்று கேட்டேன். மருந்து எங்கேயாவது வெயிலில் கிடந்து வீரியம் போயிருக்கலாம், இல்லாவிட்டால் என் உடம்பே இந்த முறை ஒத்துழைக்காமல் இருந்திருக்கலாம், எது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். "வெளிநாட்டு மருந்து உங்கள் பொறுப்பு என்று கையெழுத்திட்டிருக்கிறீர்கள்" என்று நர்ஸ் மெல்ல ஞாபகப்படுத்தினாள். அந்தக் காகிதத்தை மட்டும் எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள்!

ஜூன் மாதம் ஒரு முறை முயலலாமாம். அதுதான் உண்மையிலேயே கடைசி.

காரில் வரும்போது குமரேசன், "வயசும் ஒரு காரணந்தான பூங்கொடி, யாரையும் குத்தம் சொல்ல முடியாது" என்றார். சிக்னலில் வண்டி நின்றது. இறங்கி நடந்துவிடலாமா என்று கதவுப் பிடியில் கை வைத்தேன். இந்த ஊரில் எங்கே நடப்பது?

மே 7, செவ்வாய்

ஜெயபால் அண்ணனுக்குக் கண்டபடி எழுதிவிட்டேன். காலாவதியான சரக்கா, போலியா, வெளிநாட்டில் இருக்கிறவள் வந்தா கேட்கப் போகிறாள் என்ற தைரியமா என்று.

அவர் குரல் செய்தியாக அனுப்பினார். அந்த மனிதருக்கும் கோபம் வருமென்று இன்றுதான் தெரிந்தது. "ஏம்மா, பதினெட்டு வருசமா கடை வெச்சிருக்கேன். அதே பேட்ச் மருந்தை இங்க ரெண்டு பேரு போட்டு, ஒருத்தருக்குப் பன்னெண்டு, ஒருத்தருக்குப் பத்து முட்டை எடுத்திருக்காங்க. ஆஸ்பத்திரில கேட்டுப் பாருங்க. நா கைல குடுக்கும்போது ஐஸ் அப்படியே கல்லு மாதிரி இருந்துச்சு. நேரா வீட்டுக்குப் போயி ஃபிரிஜ்ஜுல வெய்யுங்கன்னு அம்மாகிட்ட மூணு தடவ சொன்னேன். அதுக்கப்பறம் என்ன நடந்துச்சுன்னு அங்க கேளுங்க, என்னையக் கேக்காதீங்க."

மன்னிப்புக் கேட்டேன். உண்மையாகவே வெட்கமாகிவிட்டது.

ஆனால் அத்தை ஃபிரிஜ்ஜில் வைத்த படம் என்னிடம் இருக்கிறதே?

மே 8, புதன்

அத்தையே கூப்பிட்டார். "என்ன கண்ணு, ஊசியெல்லாம் போட்டு முடிச்சாச்சா? இன்னேரம் நல்ல சேதி வந்திருக்கோணுமே?"

நின்றுபோனதைச் சொல்லவில்லை. முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "அத்தை, திங்கக்கிழமை ஃபிரிஜ்ஜுல வெச்சீங்க. வியாழக்கிழமை எடுத்துக் குடுத்தீங்க. நடுவுல வெளிய எடுக்கவே இல்லதானே?"

அத்தை வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "பலிச்ச பொறகு சொல்லலாம்னு இருந்தேன். நீயே கேட்டுப்போட்டே."

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பிள்ளை வரம் கொடுக்கிற அம்மன் கோயில் ஒன்று இருக்கிறதாம். செவ்வாய்க்கிழமை விடிகாலை முதல் பஸ்ஸில், அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஈரோடு, திருச்சி, கும்பகோணம் என்று மாறி மாறிப் போயிருக்கிறார். போய்ச் சேரும்போது உச்சிப்பொழுதாகி நடை சாத்திவிட்டார்களாம். நாலு மணி வரை மண்டபத்தில் காத்திருந்திருக்கிறார். சித்திரை மாத வெயில்.

"ஐஸ் இருந்துச்சா அத்தை?"

"ஐஸெல்லாம் திருச்சியிலயே கரஞ்சு போச்சு கண்ணு. பொட்டி பூராத் தண்ணி சொட்டுது. ஈரப் பொட்டிய உள்ள கொண்டாராதீங்கன்னு குருக்கள் சொல்லிப்போட்டாரு. அதான் தண்ணியக் கொட்டிப்போட்டு, ஊசிய மட்டும் எடுத்து, தேங்கா பழத்தோட தட்டத்துல வெச்சு, அம்மன் பாதத்துலயே வெச்சு எடுத்தாந்தேன். ஒவ்வொரு டப்பாவுக்கும் குங்குமம் வெச்சு! வரும்போது ராத்திரி பஸ்ஸு. துணிப்பையில போட்டு நெஞ்சோட அணச்சுட்டே வந்தேன், ஒண்ணு ஒடையல பாத்துக்க."

ஒரு பகல், ஓர் இரவு. ஊசி அத்தையின் நெஞ்சுச் சூட்டில் வந்திருக்கிறது.

"அர்ச்சனை யார் பேருக்கு அத்தை பண்ணுனீங்க?"

"உன்ற பேருக்குத்தான். பூங்கொடி, பூரட்டாதி நட்சத்திரம். பையன் பேரையும் சேத்துச் சொல்லட்டுமான்னு குருக்கள் கேட்டாரு. அவனுக்கு ஒரு கொறையும் இல்லீங் சாமி, இவளுக்கு மட்டும் சொல்லுங்க போதும்னுட்டேன். உனக்காவ அங்கயே முழங்கால்ல பிரகாரம் சுத்தி வந்தேன் கண்ணு."

அந்த முழங்காலில். நல்லது அத்தை என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். வேறு என்ன சொல்ல முடியும் அந்த மனுஷியிடம்?

மே 9, வியாழன்

இன்று குமரேசனை அவன் என்றுதான் எழுதுவேன்.

நான்கு வருடமாக இந்த நோட்டில்கூட எழுதாததை எழுதுகிறேன். குறை குமரேசனுக்கு. எனக்கு இல்லை. முதல் பரிசோதனையிலேயே தெரிந்துவிட்டது. அவன் ரிப்போர்ட்டில் உயிரணுக்கள் கோடிக்கணக்கில் இருக்க வேண்டிய இடத்தில் விரல்விட்டு எண்ணுகிற மாதிரி இருந்தன. என் ரிப்போர்ட்டில் எல்லாம் சரி என்று இருந்தது. அன்று கிளினிக் வாசலில் காரை எடுக்காமல் ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதான். "எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லீராத பூங்கொடி" என்றான். பாவமாக இருந்தது. சொல்ல மாட்டேன் என்றேன்.

சொல்ல மாட்டேன் என்றுதான் சொன்னேன், என்மேல் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. மறுநாள் அவனே அம்மாவுக்கு ஃபோன் போட்டு, "அவளுக்கு ஏதோ ஹார்மோன் கொறையாம்" என்றான். நான் பக்கத்தில் நின்றேன். மறுத்துப் பேச வாய் வரவில்லை. அந்த ஒரு நிமிடம் சும்மா நின்றதற்கு நான்கு வருடமாக வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். ஊரில் ஒவ்வொரு கல்யாணத்திலும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள். வளைகாப்புப் பந்தியில் இனிப்பு இல்லை. இப்போது அம்மன் சன்னதியிலும் என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி என்மேல் புகார் கொடுத்தாயிற்று. அவனுக்கு ஒரு குறையும் இல்லையாம்!

கோயில் விஷயத்தைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டான். "அம்மாவுக்கு அறிவே இல்ல" என்றான். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது.

"அவங்களுக்கு அறிவு இருக்கு. உண்மைதான் தெரியாது. எனக்குக் குறைன்னு நீங்க சொன்னதாலதான் என் ஊசியத் தூக்கிட்டு அந்த வெயில்ல போனாங்க. உங்களுக்குன்னு தெரிஞ்சிருந்தா ஊசி ஃபிரிஜ்ஜுலயே இருந்திருக்கும். உங்களத்தான் தட்டத்துல வெச்சுத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க."

"மருந்து கெட்டதாலதான் நின்னுச்சுன்னு டாக்டரே சொல்லலியே."

"சொல்லல. என் வயசுதான் காரணம்னும் சொல்லல. காருல அதச் சொன்னது நீங்க."

நான் முடிவாகச் சொல்லிவிட்டேன். ஜூன் மாதம் முயற்சி செய்யலாம். அதற்கு முன்னால் அம்மாவிடம் அவன் வாயால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இனி ஓர் ஊசிகூட என் வயிற்றில் ஏறாது. பிள்ளை இல்லாமலே போகட்டும்.

எழுதிவிட்டேன். பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று என்னால் மனசாரச் சொல்ல முடியாது. அவனிடம் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

மே 12, ஞாயிறு

அன்னையர் தினமாம். காய்கறிக் கடையில் பில் போடுகிற பையன் எனக்கும் ஒரு ரோஜாவை நீட்டி வாழ்த்துச் சொன்னான். வாங்கிக்கொண்டேன். கார் நிறுத்தத்தில் ஒரு கைக்குழந்தைக்காரி சாமான்களை ஏற்ற முடியாமல் திண்டாடினாள். ஏற்றிவிட்டு ரோஜாவை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று நாளாக வீட்டில் பேச்சு இல்லை. துணி மடித்தேன், ஃபிரிஜ் கழுவினேன், மீதி இருந்த ஊசிகளைக் குப்பையில் போட மனம் வராமல் ஒரு பையில் கட்டி வைத்தேன்.

மே 13, திங்கள்

வேலையிலிருந்து வந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவனாகவே வந்து சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்தான். ஃபோனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, அம்மாவைக் கூப்பிட்டான். அங்கே விடிந்து காப்பி குடிக்கிற நேரம். அத்தை டம்ளரும் கையுமாக வந்தார்.

"என்னடா சாமி, நல்ல சேதியா?"

"இல்லம்மா. இந்தத் தடவையும் நின்னுபோச்சு."

"அய்யோ, அம்மா தாயே! அவ எங்க? அழுவுறாளா? அவளக் குடு, நா பேசறேன்."

"அம்மா, நா ஒண்ணு சொல்லோணும். பூங்கொடிக்கு ஒண்ணும் இல்லம்மா." நான் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கொறை எனக்குத்தான். மொதல்ல இருந்தே எனக்குத்தான். உங்ககிட்ட மாத்திச் சொல்லிப்போட்டேன்."

திரையில் அத்தையின் முகம் காணாமல் போய், கோபி வீட்டு மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. ஃபோனை மடியில் போட்டுவிட்டார் போல. இனி என்ன வரும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். டாக்டர் தப்பாகச் சொல்லியிருப்பான் என்பார், என் பையனுக்கா என்பார், அழுவார், கடைசியில் நான்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும்.

மின்விசிறி வெகு நேரம் சுற்றியது. பிறகு முகம் வந்தது. அழுகை இல்லை.

"அவ ஒடம்புல ஒண்ணுமே இல்லியா?"

"இல்லம்மா."

"நாலு வருசமா?"

"ஆமாம்மா."

"அப்பறம் ஊசிய எதுக்குடா அவ வவுத்துல போடறீங்க?"

அவன் என்னைப் பார்த்தான். டாக்டர் மூன்று முறை படம் போட்டு விளக்கிய விஷயம்தான். எனக்கு மனப்பாடம். அத்தைக்குப் புரிகிற மாதிரி இரண்டே வரியில் என்னால் சொல்ல முடியும். நான் அடுத்த பீன்ஸை எடுத்தேன்.

"அவளப் பாக்காதடா," என்றார் அத்தை. "நீ சொல்லு."